இரண்டு தடவை நீட்டிய பேனா

கடன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து ஒரு மணித்தியாலம் பேசச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். முழங்கால் விடவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதியும் இருக்கிறது. நடுவில் நீங்கள் கைத்தொலைபேசியைத் தடவினாலும் எனக்குத் தெரியாது, கோபமும் வராது.

வட்டி கணிப்பது, படிவம் நிரப்புவது, காணியின் பெறுமதியை மதிப்பிடுவது எல்லாம் உங்கள் கணினி என்னைவிட நன்றாகச் செய்யும். நான் முப்பத்துமூன்று வருடம் மட்டக்களப்பில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்தவள். அதில் பெரும்பகுதி, காணியையும் வீட்டையும் ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கும் மேசையில். ஆயிரக்கணக்கில் கோப்புகள் கை வழியாகப் போயிருக்கும். உங்களுக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு பெண்ணின் கோப்பு. அதில் நான் ஒரு பிழை விட்டேன். பல வருடம் கழித்து, அதே பெண்ணுக்கு அதே பிழையை, மிகவும் புத்திசாலித்தனமாக என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை விடப் பார்த்தேன்.

உங்களில் சிலர் வேறு மாவட்டங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. தாயின் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். இன்னொரு மகள் இருந்தால் அவளுக்கும் ஒரு வீடு கட்டி உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியிலும் இதுதான் வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் மேசையிலிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஆண் தொழில் தொடங்கப் பணம் வேண்டி வருவார். ஈடு வைக்க அவரிடம் எதுவும் இராது. உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். ஆகவே கடன் பத்திரத்தில் ஒப்பம் வைப்பது மனைவி.

பரமேஸ்வரி அப்படித்தான் என் மேசைக்கு வந்தார். சுனாமிக்கு முன்பு, சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த காலம். கொழும்புக்கு லொறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. கடன் கொடுங்கள், கொடுங்கள் என்று தலைமையகம் எங்களைத் துரத்திக்கொண்டிருந்தது. அவருடைய கணவர் செட்டிபாளையத்தில் மீன் வாங்கி விற்பவர், நல்ல உழைப்பாளி, கலகலப்பான மனிதர். ஐஸ் போட்டு மீனை நேரே கொழும்புக்குக் கொண்டுபோக ஒரு லொறி வேண்டும் என்றார். நான் அவரிடம் அரை மணித்தியாலம் பேசினேன். எந்த மாதம் எந்த மீன் படும், டீசல் எவ்வளவு போகும், வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த பரமேஸ்வரியிடம் அடையாள அட்டையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

பத்திரங்களை அவர் முன்னால் வைத்தபோது அவர்தான் என்னிடம் கேட்டார்.

"மிஸ், இதில என்ன எழுதிக் கிடக்கு?"

"வழமையான பேப்பர்தான் தங்கச்சி. எல்லாருக்கும் இதுதான். இதில ஒரு ஒப்பம், மறுகா இதில ஒண்டு."

சொல்லிக்கொண்டே பேனாவை நீட்டினேன். வாங்கி, நான் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் எல்லாம் அழகான எழுத்தில் ஒப்பம் வைத்தார். வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரமும் நெருங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் முடிந்த வேலை.

கடன் அவர் பெயரில். காணி ஈடு அவர் பெயரில். லொறியும் அவர் பெயரில். நடைமுறைக் கணக்கும் அவர் பெயரில்தான். ஒப்பம் வைத்த வெற்றுக் காசோலைகள் மட்டும் கணவரின் சட்டைப் பையில் இருந்தன. கடனுக்கான உயிர்க் காப்புறுதியும் சட்டப்படி கடனாளியின் பெயரில், அதாவது பரமேஸ்வரியின் பெயரில். லொறி ஓட்டி, இரவு பகலாக அலைந்து, அந்தக் கடனைக் கட்டப் போகிறவர் யார் என்று படிவம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை கடல் வந்தபோது கணவர் கரையில் லொறிக்கு மீன் ஏற்றிக்கொண்டு நின்றார். பரமேஸ்வரியும் மகளும் வாவிப் பக்கமாக ஓடித் தப்பினார்கள். வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. கணவரின் உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

எங்கள் கிளையில் அந்த வாரங்களில் நடந்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன். ஆகவே இந்தக் கோப்பை மட்டும் சொல்கிறேன். காப்புறுதிப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். போனவர் கணவர். காப்புறுதி இருந்தது மனைவிக்கு. ஒரு சதமும் வராது. கடனாளி உயிரோடு இருக்கிறார் அல்லவா?

தவணைகளுக்குச் சில மாதம் விலக்குக் கொடுத்தோம். பிறகு அதுவும் முடிந்தது. ஐஸ் கொடுத்தவர்களும் டீசல் கொடுத்தவர்களும் கையில் இருந்த காசோலைகளோடு வழக்குப் போட்டார்கள். எல்லாவற்றிலும் பரமேஸ்வரியின் அழகான எழுத்து. ஒரு சட்டத்தரணி இரக்கப்பட்டு வழி சொல்ல, கடைசியில் நீதிமன்றம் அவரைக் கடன் கட்ட வழியற்ற வங்குரோத்தானவர் என்று அறிவித்தது. காணியை எங்கள் வங்கி ஏலத்தில் விற்றது. அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. சுனாமி வீடமைப்புத் திட்டத்தில் பெயர் போடப் போனபோது காணி உறுதியைக் கேட்டிருக்கிறார்கள். உறுதி எங்கள் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அந்த வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் எல்லாருக்கும் கல்வீடு கிடைத்தது.

இதில் சட்டப்படி நான் செய்த பிழை ஒன்றுமே இல்லை. கணக்காய்வாளர்கள் வந்து கோப்பைப் பார்த்துச் சரி போட்டுவிட்டுப் போனார்கள். அதுதான் எனக்கு இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

யுத்தம் முழுதாக முடிந்து இரண்டாம் வருடம் பரமேஸ்வரி மறுபடி வந்தார். தலையில் நரை ஓடியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நீதிமன்றம் அவரைக் கடன் பொறுப்பிலிருந்து விடுவித்த கடிதம், வாவிக்கரைப் பக்கம் சொந்தக் காசில் வாங்கிய பதினைந்து பேர்ச் காணியின் உறுதி, மகளின் அடையாள அட்டைப் பிரதி. வீடு கட்டக் கடன் வேண்டும் என்றார்.

என்னை அடையாளம் தெரியவில்லை போலிருந்தது. உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். தெரியவில்லை என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவருக்கு அவசரம் இருந்தது. ஒரே மகள் தர்ஷினிக்குச் சம்பந்தம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை கட்டாரில் வேலை செய்பவர். ஆவணிக்குள் வீட்டு வேலை தொடங்க வேண்டும், பெண்ணின் பெயரில் உறுதி காட்ட வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லியிருந்தார். அவர் கேட்டதில் புதுமை ஒன்றுமில்லை. ஊரில் எல்லாரும் கேட்பதுதான்.

விண்ணப்பத்தை முகாமையாளரிடம் கொண்டுபோனேன். திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த, என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த மனிதர். கெட்டவர் இல்லை. கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வியும் நியாயமான கேள்விதான்.

"மிஸ், இவ ஒருக்கா விழுந்த ஆள். அதுக்குப் பிறகு ஒருத்தரும் இவக்குக் கடன் குடுக்கல்ல. கடனே எடுக்காத ஆள் கடன் கட்டுவாவா இல்லையா எண்டு எத வச்சுச் சொல்லுறது?"

பதில் தெரியாத நேரத்தில் கதிரையை விட்டு எழும்புவது நல்லது. அடுத்த நாள் காலை 'பாதை' ஏறினேன். வாவியைக் கடக்கும் மிதவைப் படகைத்தான் இங்கே பாதை என்போம். மறுகரையில் இறங்கி, பஸ் பிடித்துக் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். பரமேஸ்வரி அங்கே உறவினர் வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, பட்டிகளில் எருமைப் பால் எடுத்து, தயிர் போட்டு, எங்கள் கரைக்குக் கொண்டுவந்து கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம் இல்லை, காட்டுவதற்குக் கணக்குப் புத்தகமும் இல்லை.

அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். அது என் பழக்கம். கொட்டிலுக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த சாய்ப்பு ஒன்று. அதற்குள் கூரை தொடும் உயரத்துக்குப் புதுத் தயிர்ச் சட்டிகள் அடுக்கியிருந்தன. மாரி தொடங்க இன்னும் மாதங்கள் இருந்தன. மழைக்குள் மண்சட்டி காயாது, சூளை எரியாது, சட்டி விலை ஏறும். அதைத் தெரிந்து, வெயிலிலேயே வாங்கி வைத்திருக்கிறார். லொறி வாங்க வந்த அவர் கணவரிடம் நான் அரை மணித்தியாலம் கேட்ட கேள்விகள் எதிலும் இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை.

பால் கொடுக்கும் பட்டிக்காரர் கந்தப்போடியாரையும் போய்ப் பார்த்தேன். வங்கியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அவர் முகம் இறுகிவிட்டது. வங்கிக்காரர் யாரையாவது தேடி வந்தால் நல்லதற்காக இராது என்று அவருக்குத் தெரியும். நான் வந்த காரியத்தைச் சொன்ன பிறகுதான் பேசினார்.

"கோடையில கச்சான் காத்தடிக்கக்க பால் வத்திப்போகும் புள்ள. அப்ப நாலு பேர் வந்து கூடக் காசு தாறம் எண்டு நிப்பானுகள். நான் பரமேசுக்குத்தான் முதல்ல அளப்பன்."

"ஏன் போடியார்?"

"மழைக்க பால் பெருகிக் கிடக்கும். வாங்க ஆளிராது. கூடக் காசு தாறம் எண்டவனுகள் ஒருத்தனும் வரமாட்டான். அவ வருவா. பாதை ஓடாத நாளிலயும் பால எடுத்து, தயிரப் பட்டணத்தால சுத்தி பஸ்ஸில கொண்டுபோவா. எனக்கு வேறென்ன வேணும்?"

முகாமையாளரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று திரும்பும்போது பாதையில் நின்றபடி நினைத்தேன். வர வேண்டியதில்லாத நாளிலும் வருகிற ஆள். கடன் அறிக்கையில் இதை எழுத எந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

இடம் இருக்கவில்லைதான். முகாமையாளர் கேட்டார், சிரித்தார், தலையாட்டினார். "சட்டியையும் எருமையையும் நான் பிராந்தியக் கந்தோருக்கு எப்பிடி அனுப்புறது?" என்றார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தர்ஷினி தபால் கந்தோரில் நிரந்தர வேலையில் இருந்தாள். சம்பளச் சீட்டு இருக்கிறது. பெயரில் ஒரு கறை இல்லை. காணியைத் தாய் மகளுக்கு எழுதிவிடட்டும். கடனை மகளின் பெயரில் கொடுப்போம். வங்கிக்குத் திருப்தி, மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்தி, ஊர் வழக்கத்துக்கும் திருப்தி. முகாமையாளர் எழும்பி நின்று கை கொடுத்தார். எனக்குத் தேநீர் வரவழைத்தார். அன்று முழுவதும் நான் நிலத்தில் நடக்கவில்லை.

பரமேஸ்வரியை வரச் சொன்னேன். பத்திரங்களைத் தயாராக வைத்திருந்தேன். எவ்வளவு இலேசாக எல்லாம் முடியப் போகிறது என்று விளக்கினேன். முதலில் தாயின் சம்மதக் கடிதம், பிறகு மகள் வந்து ஒப்பம் வைத்தால் சரி. பேனாவை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், அண்டைக்கும் இந்தக் கையாலதான் பேனாவ நீட்டினீங்க."

நான் பேனாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"நீங்க மறந்திருப்பீங்க எண்டு நினைச்சன்," என்றார். "நான் மறக்கல்ல. எனக்கு வாசிக்கத் தெரியும் மிஸ். பத்தாம் வகுப்பு படிச்சவள். நீங்க வாசிக்கச் சொல்லல்ல. நானும் வாசிக்கல்ல. அதில பாதிப் பிழை என்ட."

"பரமேஸ்வரி, இது உங்களுக்கு நல்லதுக்குத்தான்..."

"அண்டைக்கும் நல்லதுக்குத்தான் சொன்னீங்க. என்ட பேர் கெட்டுப்போச்சு, அது உண்மை. கெட்டாலும் அது என்ட பேர். அந்தப் பேரில தந்தா தாங்க. புள்ளைட பேரத் தொடாதீங்க. அவளுக்குக் குடுக்கிற உறுதிக்கு மேல ஒரு கடனும் நிக்கக்கூடாது."

"மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்லுவீங்க?"

"அது என்ட பாடு."

"வேற வங்கியில கேட்டிருக்கலாமே. ஏன் எங்களிட்டத் திரும்பி வந்தீங்க?"

"என்ட உறுதிய வச்சிருந்து வித்தது நீங்கதானே? அதே பெட்டிக்க இன்னொண்ட வச்சு, விலைபோக விடாம முழுசா எடுத்துக் காட்டோணும் எண்டு ஒரு விசர்."

பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். வெட்கம் என்றால் என்னவென்று அன்று தெரிந்தது. அவர் கண்டுபிடித்துச் சொன்னதனால் வந்த வெட்கம் மட்டுமல்ல. இரண்டாம் தடவை நான் இன்னும் கெட்டிக்காரியாகச் செய்திருந்தேன் என்பதனால் வந்தது.

அடுத்த வாரம் தர்ஷினி தனியாக வந்தாள். தபால் கந்தோரில் அரைநாள் லீவு போட்டிருந்தாள். உட்காரும் முன்பே தொடங்கினாள்.

"மிஸ், அம்மா பழச நினைச்சுப் பயப்படுறா. நான் சின்னப் புள்ளையா? எனக்கு இருபத்திமூண்டு வயசு. மாப்பிள்ளைட அம்மா ஆவணி கழிஞ்சாப் பாத்திருக்கமாட்டா. பேப்பரத் தாங்க, நான் வைக்கிறன் ஒப்பம்."

இப்போது நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்? வயது வந்த பெண். சொந்தச் சம்பளம். தானாக வந்து கேட்கிறாள். கோப்பு மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. முகாமையாளர் பச்சைக்கொடி காட்டியாயிற்று. வெளியே வழமைபோல வரிசை. ஒப்பத்தை வாங்கினால் ஒருவராலும் என்னைக் குறை சொல்ல முடியாது. திருப்பி அனுப்பினாலோ அவளுக்குப் புத்தி இல்லை என்று நானே தீர்மானிப்பதுபோல் ஆகும். அது அவள் தாய்க்கு நான் முன்பு செய்த அவமரியாதையின் மறுபக்கம்.

பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். பேனாவைக் கொடுக்கவில்லை.

"வாசி மனே," என்றேன். "எனக்குக் கேக்க வாசி."

முதல் பக்கத்தை வேகமாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் வேகம் குறைந்தது. மூன்றாம் பக்கத்தில், கடன் தவறினால் கடனாளி தற்போது உடைமையாகக் கொண்டுள்ளவையும் இனிமேல் பெறக்கூடியவையும் பொறுப்பாகும் என்ற வரியில் நின்றுவிட்டாள்.

"இனிமேல் பெறக்கூடிய எண்டா?"

"நாளைக்கு நீ ஒரு சோடித் தோடு வாங்கினாலும் அது சேரும்."

"அவர் கட்டாரில உழைச்சு என்ட பேரில ஒரு காணி வாங்கினா?"

"அதுவும்."

அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி வாசித்தாள். பிறகு, "அம்மாக்கு இது தெரிஞ்சுதானா அண்டைக்கு வச்சவ?" என்று கேட்டாள்.

"இல்ல. நான் சொல்லல்ல."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னை ஏசவில்லை. பத்திரத்தை ஒழுங்காக மடித்து மேசையில் வைத்துவிட்டு, "நாளைக்கு வாறன் மிஸ்," என்றாள்.

வரவில்லை.

ஆவணி போனது. சம்பந்தம் குழம்பியது. மாப்பிள்ளையின் தாய் வேறிடம் பார்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் முத்திரை வாங்கத் தபால் கந்தோருக்குப் போனபோது தர்ஷினி தலை நிமிராமல் மிச்சக் காசைக் கொடுத்தாள். அவள் கண் வீங்கியிருந்தது. நான் சரியாகத்தான் செய்தேன் என்று அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. இன்றும் முழுதாக முடியவில்லை. சரியான காரியத்துக்கு விலை இருக்கும். அந்த விலையை அநேகமாக நாங்கள் கொடுப்பதில்லை, எங்கள் மேசைக்கு முன்னால் இருப்பவர்தான் கொடுப்பார். இதை எப்போதும் மனதில் வைத்திருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பரமேஸ்வரியின் பெயரில், அவருடைய பெயரில் மட்டும், விண்ணப்பத்தை மறுபடி எடுத்தேன். சிபாரிசு எழுதும் பகுதியில் நாலு வரிக்குத்தான் இடம் இருந்தது. தனித் தாள் எடுத்துக் கையால் எழுதினேன். சட்டிகளை எழுதினேன். கந்தப்போடியார் சொன்னதை அப்படியே எழுதினேன். கடைசிப் பந்தியில் இப்படி எழுதினேன்: இவருடைய முன்னைய கடனுக்கு ஒப்பம் வாங்கியது நான். அவருக்கு எதையும் விளக்கவில்லை, உழைப்பவர் யார் என்று பார்க்காமல் காப்புறுதியை எழுதினேன். அந்தத் தொழிலை இவர் நடத்தவில்லை. இப்போது நடத்தும் தொழில் இவருடையது. முன்னையதை வைத்து இவரை அளப்பது வேறொருவரின் பரீட்சைத் தாளுக்கு இவருக்குப் புள்ளி போடுவதாகும்.

முகாமையாளர் இரண்டு தடவை வாசித்தார்.

"மிஸ், நீங்க பென்சன் எடுக்க இன்னும் மூண்டு வருசம் கிடக்கு. இந்தக் கடைசிப் பந்திய எடுத்திட்டா என்ன? இதப் பாத்து விசாரணை எண்டு ஆரும் வெளிக்கிட்டா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டில் நோயாளிக் கணவர், இரண்டு பிள்ளைகளின் படிப்பு. வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பந்தியை எடுத்தால் மிச்சமிருப்பது ஒரு வங்குரோத்தானவரின் விண்ணப்பம் மட்டுமே, சட்டிகளும் எருமைகளும் சிரிப்புக்கு உதவும். இருக்கட்டும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, தன் ஒப்பத்தையும் கீழே வைத்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சிறிய வயதுக்காரர் என்று அவரை நான் கொஞ்சம் குறைத்து எடை போட்டிருந்தேன்.

பிராந்தியக் கந்தோர் ஆறு வாரம் எடுத்தது. ஒரு நாள் அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இதெல்லாம் நீங்கதான் எழுதினதா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். வைத்துவிட்டார். கேட்டதில் முக்கால்வாசித் தொகைக்கு அனுமதி வந்தது. மூன்று அறை வீடு இரண்டு அறையாகும், அவ்வளவுதான். விசாரணை வரவில்லை. ஒருவேளை கடைசிப் பந்தியை மட்டும் யாரும் வாசிக்கவே இல்லையோ என்று நான் சில நாட்களில் சந்தேகப்படுவதுண்டு.

ஈட்டுப் பத்திரம் எழுதும் நாளில் பரமேஸ்வரி ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பக்கமும் வாசித்தார். விளங்காத சொல்லில் விரலை வைத்து நிறுத்தினார். பத்திரம் எழுத வந்திருந்த நொத்தாரிசு கடிகாரத்தைப் பார்த்தார், மேசையைத் தட்டினார், இரண்டு தடவை வெளியே போய்ச் சுருட்டுப் பிடித்துவிட்டு வந்தார். பரமேஸ்வரி தலை நிமிரவில்லை. முன்பகல் முழுவதும் போனது. கடைசிப் பக்கத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"காப்புறுதி ஆர்ர பேரில மிஸ்?"

"உங்கட பேரில."

"சரி. இந்த முறை உழைக்கிறதும் நான்தான்."

அதன் பிறகு அவராகவே கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன்.

தவணை ஒன்றும் தவறாமல் கட்டினார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவும் வேண்டாம். வெள்ளம் வந்து வீதிகள் மூடிய ஒரு மாரியில் இரண்டு மாதம் பிந்தினார். ஆனால் பிந்தப் போகிறது என்று முதலே வந்து சொன்னார். பிறகு நான் ஓய்வு பெற்றேன். தர்ஷினி தன்னோடு தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவரைக் கலியாணம் முடித்தாள். உறுதி தாயின் பெயரில், அதுவும் ஈட்டில் கிடந்த வீட்டுக்கு அவர் மாப்பிள்ளையாக வந்து குடியேறினார். ஊரில் நாலு பேர் வாய்க்குள் சிரித்தார்களாம். அந்தப் புது மாப்பிள்ளையின் தாய் ஒரு வருடம் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையாம். பிறகு பேரப்பிள்ளை வந்ததும் தயிரும் சாப்பிட்டார் என்று பரமேஸ்வரி சொன்னார்.

கடைசித் தவணை முடிந்த அன்று பரமேஸ்வரி வங்கியில் தன் உறுதியை வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சட்டித் தயிர். உறுதியை என் மடியில் வைத்து, "பாருங்க மிஸ், ஒரு மூலையும் மடங்கல்ல," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை, தயிரைக் குளிரூட்டியில் வைக்கச் சொல்லிப் பேச்சை மாற்றினார். அடுத்த புதன்கிழமை வீட்டை மகளுக்கு நன்கொடையாக எழுதப் போவதாகவும், சாட்சி ஒப்பத்துக்கு நான் வர வேண்டும் என்றும் சொன்னார்.

முழங்காலை இழுத்துக்கொண்டு போனேன். அதே நொத்தாரிசு, இப்போது வயதாகி, பொறுமை இன்னும் குறைந்திருந்தார். உறுதியைத் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். பரமேஸ்வரி வாசித்து, ஒப்பம் வைத்தார். நன்கொடையை ஏற்கும் இடத்தில் தர்ஷினி ஒப்பம் வைக்க வேண்டும். நொத்தாரிசு விரல் வைத்து இடத்தைக் காட்டினார்.

"இதில தங்கச்சி. வீடு உங்களுக்கு வருது, இதில கடன் கிடன் ஒண்டும் இல்ல. வழமையான பேப்பர்தான். மிஸ், அந்தப் பேனாவ ஒருக்காக் குடுங்க."

பேனா என் கையில்தான் இருந்தது.

தர்ஷினி பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்துக்குத் திருப்பி, குழந்தையைத் தாயின் மடியில் கொடுத்துவிட்டு, வாசிக்கத் தொடங்கினாள். நொத்தாரிசு கடிகாரத்தைப் பார்த்தார். பரமேஸ்வரி என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.